தெற்கே திரும்பிய கட்டில்கள்

சென்ற மாதம் என் இடது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயுவை நிரப்பி, குப்புறப் படுத்திருக்கச் சொல்லி மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் தரையைப் பார்த்தபடியே சாப்பிட்டு, தரையைப் பார்த்தபடியே பேசிக் கிடந்தேன். திரும்பப் போய்க் காட்டியபோது அங்கிருந்த நர்ஸ் பெண், இவ்வளவு ஒழுங்காகப் படுத்தவரைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். நான் இதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்றேன். "ஒங்க காலத்துல ரெட்டினாவுக்கு ஆபரேஷனே கெடையாதே தாத்தா" என்றாள். இருந்தது. ஒட்டாமல் போனால் மறுபடி செய்வதும் இருந்தது. வாயால் சொன்னால் நம்பமாட்டாள் போலிருந்தது. ஆகவே எழுதுகிறேன்.

நான் கிளியனூர்ப் பக்கம் பிறந்தவன். பெயர் வேலு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. யாரும் நிறுத்தவில்லை, நானே எழுந்து வெளியே வந்துவிட்டேன். மரக்காணம் உப்பளம், லாரி கிளீனர், டூரிங் டாக்கீஸில் போஸ்டர் ஒட்டும் வேலை, குடகில் காப்பித் தோட்டம், பம்பாய்த் துறைமுகம் என்று ஓடினேன். எங்கேயும் ஒரு வருஷம் தங்கியதில்லை. உப்பளத்தில் கால் வெடித்தது, குடகில் மலேரியா வந்தது, பம்பாயில் பிளாட்பாரத்தில் படுத்தேன். என்னோடு இருந்தவர்களுக்கும் அதேதான். ஊர் திரும்பி, அதுவும் சலித்து, விழுப்புரம் ஜங்ஷனில் அடுத்து எந்த ரயிலில் ஏறலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டரைப் பார்த்தேன்.

அவர் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. போர்ட்டர்களை அவர் கிட்டே விடவில்லை. சும்மா நின்ற என்னைக் கூப்பிட்டு, "இதைக் கீழே வைக்காம, சாய்க்காம, திண்டிவனம் வரைக்கும் மடியில வச்சுக்கிட்டு வர முடியுங்களா?" என்று கேட்டார். என்னை அதுவரை யாரும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. பாசஞ்சர் வண்டியில் அந்தப் பாரத்தோடு உட்கார்ந்ததில் திண்டிவனம் வருவதற்குள் தொடை மரத்துவிட்டது. எதிரே உட்கார்ந்து அவர் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தின்றுகொண்டு வந்தார். தோலை ஒன்றுகூட வண்டியில் போடாமல் அதே பொட்டலத்தில் போட்டுக்கொண்டார். இறங்கும்போது, வெள்ளிக்கிழமையும் வருவீர்களா என்றார். அதற்குப் பிறகு நான் வேறு ரயில் தேடவில்லை.

விழுப்புரத்தில் ஸ்டேஷன் ரோடில் அவருடைய கண் கிளினிக் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் திண்டிவனத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்வார். கருவிகளைக் கொதிக்கவைப்பது, துணி மடிப்பது, விளக்குப் பிடிப்பது, நோயாளியின் தலையை அசையாமல் பிடிப்பது என்று எல்லாவற்றையும் சில மாதங்களில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ள முடியாமல் போனது அவருடைய நிதானம்தான். ஏதாவது தவறினால் மற்ற டாக்டர்கள் யார் செய்தது என்று கேட்பார்கள். இவர் எப்படி நடந்தது என்று கேட்பார். காரியம் கெடக் கெட அவர் குரல் இறங்கும். ஆபரேஷன் தியேட்டரில் அவர் பேசுவது எங்களுக்குக் கேட்காமல் போனால், நிலைமை மோசம் என்று தெரிந்துகொள்வோம்.

அந்த மரப்பெட்டியில் இருந்தது விழித்திரைக்குச் சூடு வைக்கும் மின்கருவி. மெட்ராஸில் படித்தபோது பழகியதை இங்கேயும் செய்துவிட வேண்டும் என்று, ஒரு பெரிய ஆஸ்பத்திரி கழித்துப் போட்டதை வாங்கிவந்து, ஒக்கிட்டுப் பழுதுபார்த்து வைத்திருந்தார். விழித்திரை என்பது கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள். போஸ்டர் ஒட்டியவன் என்பதால் எனக்கு இது சட்டென்று விளங்கியது. போஸ்டரில் ஒரு கிழிசல் இருந்தால் மழைத்தண்ணீர் அதன் வழியாகப் பின்னால் இறங்கும். தாள் உப்பும். கடைசியில் மொத்தமாகச் சுவரை விட்டு வந்துவிடும். கண்ணிலும் அதே கதைதான். கிழிசலைக் கண்டுபிடித்து, அதற்கு நேராக வெளிப்பக்கத்திலிருந்து ஊசி முனையால் சூடு வைத்தால், அந்தப் புண் ஆறும்போது தாளும் சுவரும் ஒட்டிக்கொள்ளும். சூடுதான் பசை. ஆனால் ஆறும்வரை தாள் சுவரோடு படிந்து கிடக்க வேண்டும். அதற்குத்தான் வாரக்கணக்கில் அசையாத படுக்கை.

தனபாக்கியம் அக்கா திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம், கரும்பும் நெல்லும். சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண் போய்விட்டது. இருந்த ஒரு கண்ணில், மாட்டுக்குத் தவிடு வைக்கும்போது கன்றுக்குட்டி தலையைத் தூக்கி முட்டிவிட்டது. முட்டிய பிறகு சில நாள் ஒன்றுமில்லை. பிறகு கீழேயிருந்து கறுப்பாக ஏறியிருக்கிறது. "மொதல்ல என் காலு எனக்குத் தெரியில. அப்பறம் எலை தெரியில. அப்பறம் எதிர்ல இருக்கறவங்க மொகம் போச்சி" என்று டாக்டரிடம் சொன்னார். புடவைத் தலைப்பால் முகத்தை மூடி, குனிந்தபடி, கணவர் கோவிந்தன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எதிரே ஆள் இருப்பது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை என்றார்.

இருட்டறையில் டாக்டர் வெகுநேரம் அந்தக் கண்ணைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒரு தாளில் வட்டம் போட்டு, ஒட்டியிருக்கும் இடத்தைச் சிவப்பிலும் விலகிய இடத்தை நீலத்திலும் தீட்டினார். வட்டத்தின் மேல்பாதி முழுக்க நீலம். அதன் உச்சியில் லாடம்போல ஒரு கிழிசல். கோவிந்தனை உட்காரவைத்து, இருக்கிற ஒரே கண் இது, விட்டால் முழுக்கப் போய்விடும், செய்தால் பாதிக்குப் பாதிதான் என்று ஒளிக்காமல் சொன்னார். கோவிந்தன் பேச்சு வராத மனிதர். மனைவியைப் பார்த்தார். அக்காதான் பதில் சொன்னார்: "பாதின்னா பாதி. செய்யுங்க."

கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷன் அது. ஆள் விழித்திருப்பார். பேசலாம், தலை மட்டும் ஆடக்கூடாது என்றார் டாக்டர். தலை ஆட்டாமல் பேசிப் பழக்கமில்லையே என்று அக்கா கவலைப்பட்டார். ஆனால் பழகிக்கொண்டார். ஆபரேஷன் முழுக்க உதடு மட்டும் அசையப் பேசினார். நான் மெஷினின் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்து வயல்களில் பம்புசெட்டு ஓட ஆரம்பித்தால் எங்கள் மின்சாரம் தொய்ந்துவிடும், சூடு பிடிக்காது. அன்று சரியாக இருந்தது. டாக்டர் சூடு வைத்து முடித்து, தாளுக்குப் பின்னால் தேங்கிய நீரை ஊசியால் குத்தி வெளியே விட்டார். இளமஞ்சளாக, பிசுக்கென்று ஒரு சொட்டு திரண்டு வந்தது. தியேட்டரில் எல்லாருக்கும் அவர் பேசியது கேட்டது.

இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினோம். ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்தேன். பெண்ணையாற்று மணலைக் கழுவி, வறுத்து, காக்கித் துணியில் நானே தைத்தவை. கட்டிலின் கால்மாட்டில் காலுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினேன். கிழிசல் கண்ணின் உச்சியில் இருந்ததால், தலை பள்ளத்தில் இருந்தால்தான் அந்த இடம் தாழ்ந்து, தாள் தன் பாரத்திலேயே சுவரில் போய்ப் படியும். வீட்டுக்காரர்களிடம் தலை அசையக்கூடாது, தும்மக்கூடாது, மென்று தின்னக்கூடாது, கஞ்சிதான் என்று சொன்னேன். மறுநாள் டாக்டரோடு விழுப்புரம் திரும்பினேன்.

அடுத்த முறை போனபோது வார்டு அக்காவின் கைக்கு வந்திருந்தது. கட்டுக்குள்ளிருந்தே காலடிச் சத்தத்தில் ஆளைச் சொல்வார் என்று ஆயா கதை கதையாகச் சொன்னாள். பக்கத்து ஆண்கள் வார்டில் கண்புரை எடுத்த ஒரு கிழவர் ரகசியமாகப் பீடி பிடித்ததைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். நர்ஸ் சிஸ்டரின் செருப்பில் ஒன்றில் வார் தளர்ந்திருக்கிறது என்று சொல்ல, பார்த்தால் தளர்ந்திருந்ததாம். கட்டுப் பிரிக்கும் நாளில் ஆயாவும் கோவிந்தனும் அவரைத் தள்ளுவண்டியில் மல்லாந்தபடி இருட்டறைக்குக் கொண்டுவருவார்கள். நான் அங்கே விளக்கோடு நிற்பேன். அன்று என் குரல் கேட்டதும், "வேலு தம்பி, டாக்டரு கையில இன்னிக்கி மல்லாட்ட வாசன வருது. எனக்கு மட்டும் கஞ்சியா?" என்றார்.

டாக்டர் சிரித்தார். கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. படியவில்லை, சில நாள் பார்ப்போம் என்றார். அதற்கடுத்த முறையும் குனிந்து பார்த்தார். நான் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் மெதுவாக, "மேலே தொங்குது. புதுசா கீழேயும் தண்ணி இறங்கியிருக்கு" என்றார். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

வெளியே வந்து கோவிந்தனிடம் சொன்னார். ஒட்டவில்லை. மறுபடி ஒருமுறை சூடு வைக்கலாம். ஆனால் தாள் இப்படித் தொங்கிக்கொண்டிருக்கும்போது வைத்தால் பிடிக்காது. மெட்ராஸுக்குக் கொண்டுபோனால் வழி அதிர்ச்சியிலேயே மிச்சமும் விலகலாம். கோவிந்தன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மடித்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நாள் படுத்துக்கினு இருந்தா ஒட்டாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் நீலம் தீட்டிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "வேலு, செங்கல் வச்சீங்கல்ல?" என்றார். வைத்தேன் என்றேன். "தலை பள்ளத்துல இருக்கிறவங்களுக்குத் தண்ணி இப்படிக் கீழே இறங்காதே" என்று சொல்லிக்கொண்டே வார்டுப் பக்கம் நடந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் டாக்டர்கள் வார்டுக்கு வருவதில்லை. பெண்கள் வார்டில் ஒரே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு இரும்புக் கட்டில், எல்லாவற்றின் தலைமாடும் வடக்குச் சுவரை ஒட்டி. ஆனால் படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் சுவருக்குக் காலை நீட்டி, தெற்கே தலை வைத்திருந்தார்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று வருகிறவர்கள் எல்லாரும் தலையணையை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வது அங்கே வழக்கமாகிவிட்டது. சிஸ்டருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். புரை ஆபரேஷன் செய்தவருக்குக் கட்டில் மட்டமாக இருப்பதால் தலை எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்.

தள்ளுவண்டியிலிருந்து அப்போதுதான் இறக்கிப் படுக்கவைத்த தனபாக்கியம் அக்காவுக்கும் தெற்கேதான் தலை. நான் செங்கல் வைத்துத் தூக்கிய பக்கத்தில், தலை மேடாக, மணல்மூட்டைகளுக்கு நடுவில் சொகுசாகக் கிடந்தார். டாக்டர் பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கோவிந்தன், அம்மாவை எப்பத் திருப்பினீங்க?"

"அன்னிக்கேங்க." கோவிந்தன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "நாலு பேரு ஜமுக்காளத்தோட தூக்கித் திருப்பினோம். தல துளிகூட அசையிலீங்க. மூட்டைய கூட தம்பி வச்ச மாதிரியே வச்சிட்டோம்."

"எதுக்குத் திருப்பினீங்க?"

"வடக்கால தல வச்சி யாராவது படுப்பாங்களாங்க? அதுவும் கண்ணுக்கு வைத்தியம் பாக்கச்சொல்ல?"

"சரி. இந்தச் செங்கல் எதுக்குன்னு நினைச்சீங்க?"

"கட்டிலு கால் குட்டைன்னு நெனச்சேங்க."

யாரோ சிரித்தார்கள். அக்கா கட்டுக்குள்ளிருந்து, "நான் கேட்டேங்க, தல மேடா இருக்குதேன்னு. இருக்கட்டும், நல்லா காத்து வரும்னுட்டாரு" என்றார்.

டாக்டர் கோவிந்தனின் துண்டைக் கேட்டு வாங்கினார். பானைத் தண்ணீரில் நனைத்து, சாப்பாட்டு ஸ்டூலின் மேல் விரித்துத் தடவினார். துண்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஸ்டூலை அப்படியே தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார். ஓரம் முதலில் விட்டது, நடுவில் தொப்பையாகத் தொங்கியது, பிறகு சொத்தென்று தரையில் விழுந்தது. இதுதான் உங்கள் சம்சாரத்தின் கண்ணுக்குள் நடப்பது, தலை பள்ளத்தில் இருந்தால் துண்டு பலகைமேல் கிடக்கும், மேட்டில் இருந்தால் தொங்கும் என்றார்.

கோவிந்தன் தரையில் கிடந்த துண்டையே பார்த்தார். "அப்ப நானே கெடுத்துட்டேனுங்களா?"

"இல்லீங்க. அசையக் கூடாதுன்னோம், நீங்க அசைக்கலை. செங்கல் எதுக்குன்னு நாங்க சொல்லலை." டாக்டர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "இந்த ஊர்ல கட்டில்களை வடக்கே பார்த்துப் போட்டது யாருங்க?"

தான் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்றார் சிஸ்டர்.

அதற்குள் அக்கா யோசித்து முடித்திருந்தார். "என்னை ஏன் திருப்பிக்கினே இருக்கீங்க? கட்டிலத் திருப்புங்களேன். தலயும் தெக்க இருக்கும், காலும் மேல இருக்கும்."

டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "வேலு, ஆளைக் கூப்பிடுங்க" என்றார்.

செங்கலை மறுபக்கம் மாற்றினால் மட்டும் போதாது, தடுப்புக் கம்பி இல்லாத கால்மாட்டில் தலை பள்ளமானால் மூட்டையோடு வழுக்கும். முதலில் ஜமுக்காளத்தோடு அக்காவைத் தள்ளுவண்டிக்கு மாற்றி, கட்டிலைச் சுற்றிப் போட்டு, தெற்கே வந்த தலைமாட்டில் அவர் தலையை வைத்து, சுவர்ப்பக்கம் போன கால்மாட்டுக்குச் செங்கலைக் கொடுத்தோம். எட்டுப் பேர் கை வைத்தோம். கோவிந்தன் தலைப்பக்கம் நின்றார், மூச்சே விடவில்லை. "ஜல்தியா தூக்காதீங்க, சாமி தூக்கற மாதிரி தூக்குங்க. மோளம்தான் இல்ல" என்று அக்கா உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார்.

ஒரே ஒரு கட்டில் மட்டும் தலைமாட்டுக் கம்பி உயரமாக நடைவழியில் நீட்டிக்கொண்டு நின்றதில் சிஸ்டருக்கு உடன்பாடில்லை. அவருக்கு வரிசை நூல் பிடித்தமாதிரி இருக்க வேண்டும். கொஞ்சநேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். பிறகு மீதிக் கட்டில்களையும் திருப்பச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வரை இரும்பு தரையில் இழுபடும் சத்தம். நோயாளிகளோடு வந்திருந்த ஆண்கள் எல்லாரும் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து தூக்கினார்கள். கல்யாண வீட்டுப் பந்தி மாற்றுவதுபோல இருந்தது. அன்றைக்கு விழுப்புரம் வண்டியை நாங்கள் தவறவிட்டோம். டாக்டர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மல்லாட்டைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

ஆனால் கட்டில் திரும்பினால் மட்டும் போதாது. தாள் படிந்தாலும், பழைய சூடு ஆறி வீணாகியிருக்கும், மறுபடி வைத்தாக வேண்டும் என்று வண்டியில் சொன்னார். படியாவிட்டால் வைப்பதற்கே இடமில்லை.

அடுத்த முறை இருட்டறையில் விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டாக்டர் குனிந்து பார்த்தார். வெகுநேரம். எனக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான். தோள் இரண்டும் மெல்ல இறங்கின. "வேலு, நீலப் பென்சில் வேண்டாம்" என்றார், ஆஸ்பத்திரிக்கே கேட்கும் குரலில்.

தாள் முழுக்கச் சுவரில் படிந்திருந்தது. அன்றே இரண்டாவது ஆபரேஷன். பாதியில் விளக்கு மங்கியது, எங்கேயோ பம்புசெட்டைப் போட்டுவிட்டார்கள். கண்ணைத் திறந்து வைத்தபடியே காத்திருந்தோம். அக்காவைச் சும்மா வைத்திருக்க வேண்டாமென்று டாக்டர் கரும்பு வெட்டுவதைப் பற்றிக் கேட்டார். அவர் உதடு மட்டும் அசைய விளக்கினார். மின்சாரம் நிமிர்ந்ததும் டாக்டர் கிழிசலைச் சுற்றி நெருக்கமாகச் சூடு வைத்தார். இந்த முறை செங்கல் எதற்கு, மணல்மூட்டை எதற்கு, கஞ்சி எதற்கு என்று வார்டில் எல்லாருக்கும் கோவிந்தனே விளக்கினார். ஈரத்துண்டும் ஸ்டூலும் வைத்துக் காட்டியதாக ஆயா சொன்னாள். பேச்சு வராத மனிதர் என்று அவரைப் பற்றி நினைத்தது தப்பு.

வாரங்கள் கழித்து, கட்டைப் பிரித்து, நடுவில் ஊசித்துளை போட்ட கறுப்புத் தகட்டுக் கண்ணாடியை இருட்டறையிலேயே மாட்டிவிட்டோம். டாக்டர் விரல் காட்டினார். அக்கா எண்ணினார். சரியாக எண்ணினார். ஆனால் டாக்டர் இன்னும் சிரிக்கவில்லை. மறுபடி விலகும் கண்கள் இந்தச் சில மாதங்களில்தான் விலகும், அது தாண்டட்டும் என்று சொல்லி, துளை வழியாக நேரே மட்டும் பார்க்கச் சொல்லி, ஊருக்கு அனுப்பினார். அவர்கள் போன பிறகு வார்டு காலியானதுபோல இருந்தது என்று சிஸ்டரே சொன்னார்.

கரும்பு வெட்டு முடிந்து ஒரு திங்கட்கிழமை. விழுப்புரம் கிளினிக்கில் நல்ல கூட்டம். வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, நல்ல உயரம், படியேறி வந்தார். ரோட்டைப் பார்த்து நடந்து, படியைப் பார்த்துக் கால் வைத்து, தனியாக வந்தார். உட்காருங்க அம்மா, முறைப்படிதான் கூப்பிடுவோம் என்று எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. அப்படியே நின்றுவிட்டார்.

"வேலு தம்பியா?"

அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரை நான் நிமிர்ந்து நின்று பார்த்ததே இல்லை. அவர் என் முகத்தையே பார்த்ததில்லை. கோவிந்தன் எங்கே என்று கேட்டேன். "பின்னால வர்றாரு. பஸ் ஸ்டாண்டுல இருந்து கையப் புடிச்சிக்கினே வந்தாரு. பேஜாரா இருக்குது, வுடுய்யான்னு முன்னால வந்துட்டேன்."

உள்ளேயிருந்து டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் நகரப் பார்த்தேன்.

"இரு தம்பி" என்றார் அக்கா. கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, என் தலையிலிருந்து ஆரம்பித்து, முகம், சட்டை, கை, கால் என்று இறங்கி, மறுபடி முகத்துக்கு வந்தார். அவசரப்படவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டாம் முறை கூப்பிட்டார். அக்கா பார்த்து முடிக்கும்வரை நான் அசையாமல் நின்றேன்.